அப்பாவின் புரோஸ்டேட் சிகிச்சைக்கு ரப்பர் விளையை (தோட்டத்தை) விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பிஎஸ்ஏ (புரோஸ்டேட் ரத்தப் பரிசோதனை) 9.2. பயாப்சியில் எடுத்த 12 துணுக்குகளில் நான்கில் புற்றுநோய், கிளீசன் (புற்றின் தீவிரத்தைக் காட்டும் அளவு) 3+4. ஸ்கேனில் பரவல் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ரோபோடிக் ஆபரேஷனுக்கு ஐந்தரை லட்சம் கேட்கிறது. இந்த வாரமே முன்பணம் கட்ட வேண்டுமாம். அப்பா பெயரில் ஆறு லட்சம் வைப்புத்தொகை, அம்மாவிடம் 20 பவுன், குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் 50 சென்ட் ரப்பர் விளை இருக்கிறது. எனக்கு டெக்னோபார்க்கில் மாதம் 38,000 சம்பளம். விளையை விற்றுவிடு என்கிறார் சித்தப்பா. நோயைச் சொல்லாமல் உடனே ஒரு பாலிசி எடு என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யலாம் சார்?

பதில்: விளையை விற்க வேண்டாம். முன்பணத்தையும் இந்த வாரம் கட்ட வேண்டாம்.

பரவாத 3+4 நிலையில் நாலைந்து வாரம் விசாரிப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. பயாப்சி எடுத்த இடம் ஆறட்டும் என்று மருத்துவர்களே பெரும்பாலும் ஆறு வாரம் போல விட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்கள். அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன.

முதலில் உங்கள் அலுவலக எச்.ஆரிடம் போங்கள். பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் அதில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் சேர்ப்பது பொதுவாகப் பாலிசி புதுப்பிக்கும் சமயத்தில் மட்டும்தான். புதுப்பிப்பு எந்த மாதம், பெற்றோருக்கு எவ்வளவு தொகை, ரோபோடிக் சிகிச்சைக்கு உள்வரம்பு (அதற்கென்று தனி உச்சத்தொகை) உண்டா, நம் கையிலிருந்து எத்தனை சதவீதம் போட வேண்டும் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். புதுப்பிப்பு ஒரு மாதத்தில் வருகிறது என்றால், அதுவரை தள்ளலாமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம்.

ஏஜென்ட் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். பயாப்சி அறிக்கையில் தேதி இருக்கிறது. மறைத்து எடுத்த பாலிசியில் க்ளெய்ம் நிராகரிக்கப்படும், பாலிசியே ரத்தாகலாம். சொல்லி எடுக்க முடிந்தாலும் இந்த நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைப்பார்கள். கமிஷன் அவருக்கு, பிரீமியம் உங்களுக்கு.

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரே ரேஷன் கார்டில் இருந்தால் உங்கள் சம்பளமே அதைத் தாண்டிவிடும். பெற்றோர் உண்மையிலேயே தனிக் குடும்பம், தனிக் கார்டு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பற்றி விசாரியுங்கள். அட்டைக்கான பதிவு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், முன் அனுமதி வாங்கிய பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். முன்பே கட்டிய பணம் திரும்பி வராது.

அடுத்து அந்த ஐந்தரை லட்சம். ரோபோ கருவியால் ரத்த இழப்பும் மருத்துவமனை நாட்களும் குறையும். ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் திரும்புவதில், திறந்த முறையோடு ஒப்பிட்ட ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கை தேர்ந்தவரா என்பதுதான் முக்கியம். ரேடியேஷனும் இந்த நிலைக்குச் சமமான வழி. பிரிட்டனில் 1,643 பேரை 15 ஆண்டுகள் கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் மூன்றிலும் இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதம் அளவில்தான். அவர்களில் பலர் உங்கள் அப்பாவைவிட லேசான நிலையில் இருந்தவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே பயாப்சியின் ஸ்லைடு, பிளாக் (திசு மாதிரிகள்) இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். திறந்த ஆபரேஷனுக்கும் ரேடியேஷனுக்கும் தனித்தனியே செலவு எழுதி வாங்குங்கள். ரேடியேஷன் என்றால் இப்போது பெரும்பாலும் 20 தவணை, நான்கு வாரம். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். போகப் போக அவசரமாக மூத்திரம் முட்டும். தினமும் குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் போய்வர முடியாது. கடைசி இரண்டு வாரமாவது பக்கத்தில் அறை எடுக்கும் செலவையும், உங்கள் சம்பளமில்லா விடுப்பையும் கணக்கில் சேருங்கள்.

இந்த நோயில் பலரும் தவறவிடுவது பின்செலவை. ஆபரேஷன் ஆனதும் ஒரு வாரம், பத்து நாள் சிறுநீர் வடியக் குழாய். சில மாதங்களுக்கு நாப்கின். முதல் பிஎஸ்ஏ ஆறு முதல் எட்டு வாரத்தில், பிறகு ஆண்டுக்கணக்கில். 0.2 தாண்டி ஏறினால் ரேடியேஷன் தேவைப்படலாம், சிலருக்கு ஹார்மோன் ஊசியும். ஆறு லட்சத்தையும் முதல் மாதமே கொட்டிவிட்டால் அந்த நாளில்தான் விளை போகும், அதுவும் அவசர விலைக்கு. குறைந்தது ஒன்றரை லட்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

வைப்புத்தொகை ஒரே ரசீதாக இருந்தால், பகுதியாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதிர ஓரிரு மாதமே இருந்தால் அதன்மேல் கடன் வாங்கலாம். இல்லையென்றால் உடைப்பதுதான் நல்லது, ஏனென்றால் கடன் வட்டி வைப்பு வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம் கூடுதல். கணக்கில் அம்மாவையோ உங்களையோ இருவரில் எவரும் எடுக்கும்படி இப்போதே சேருங்கள். அப்பா கையெழுத்துப் போட முடியாத நாளில்தான் பணம் தேவைப்படும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டிருந்தால் 5 லட்ச ரூபாய் வைப்புக் காப்பீடு அதற்குக் கிடையாது. பெரிய தொகைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நல்லது. நகையை இதற்கும் பிறகு, சம்பளத்தில் ஓராண்டுக்குள் மீட்கக்கூடிய அளவுக்கு மட்டும் அடகு வையுங்கள்.

புற்றுநோய்ச் செலவுக்கான வருமான வரிக் கழிவுக்குச் சான்றிதழ் தேடி அலைய வேண்டாம். ஆண்டுக்கு 4,56,000 சம்பளத்துக்குப் புதிய முறையில் உங்களுக்கு வரியே வராது; அந்தக் கழிவும் பழைய முறையில் மட்டும்தான்.

ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரமாவது அப்பா பாரம் தூக்கக் கூடாது. ரப்பர் பால்வெட்டுக்கு இப்போதே ஆள் பேசி வையுங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் தனியே ஒரு மருத்துவ பாலிசி எடுங்கள். அப்பாவுக்கு இந்த நோய் இருப்பதால் உங்களுக்கும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. படிவத்தில் குடும்ப நோய் வரலாற்றைக் கேட்டால் உள்ளதை அப்படியே எழுதிவிடுங்கள்.