மழை இல்லாத நாளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. போன வாரம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு பையன் மட்டும், "டீச்சர், அது இன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சாதாரண நாளில் ஹபிள் என்னதான் செய்கிறது? அந்தப் படங்களின் நிறமெல்லாம் கணினியில் ஏற்றியவை என்கிறார்களே, உண்மையா? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகும் இந்தப் பழையது தேவைதானா? இவ்வளவு பணத்தை வானத்தில் கொட்டுவதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்கிறார் என் கணவர். பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வாங்கவும் ஆசை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்கலாமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

வருகிற கடிதங்களை ஆறப்போட்டுத்தான் எடுப்பேன். உங்களுடையதை அப்படிச் செய்ய முடியவில்லை. அறுபதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எந்த மாதம் எவ்வளவு மழை பெய்தது என்று ஒரு கதைக்காகத் தேடி, கிடைக்காமல் எரிச்சலில் இருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. அதற்கும் ஹபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, வருகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம். நிறம்: ஹபிளின் கேமராக்கள் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கின்றன. வடிகட்டியை மாற்றி மாற்றி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்துச் சேர்க்கிறார்கள். 1995ல் எடுத்த அந்தப் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்தில் (தூண்போல் எழும் வாயு, தூசு மேகங்கள்) கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். எதற்கு எந்த நிறம் என்று வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஏமாற்று எங்கே இருக்கிறது? வெப்: அது பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை. ஹபிள் பார்க்கும் புற ஊதா அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டும் வேண்டும். பணம்: ஹபிளுக்குச் செலவழித்தது அமெரிக்காவும் ஐரோப்பாவும். நாளைக்கே அதை நிறுத்தினாலும் அந்தப் பணம் நம் லயத்துக் கூரைக்கு வந்துவிடாது. உங்கள் கணவர் ஏழைகளைப் பற்றிப் பேச விரும்பினால் தோட்டத்து வீடுகளைப் பற்றிப் பேசலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இனி அந்தப் பையன். ஒரு வகுப்பே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் ஒருவன் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அவனை விட்டுவிடாதீர்கள். வீட்டில் விசாரித்துப் பாருங்கள், தாத்தாவோ பாட்டியோ ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களாக இருக்கக்கூடும்.

ஹபிள் தரைக்கு மேல் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நமக்கு ஒரு நாள் போவதற்குள் அதற்கு 15 பகல், 15 இரவு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையப் பாதி நேரம் பூமியே குறுக்கே வந்து மறைத்துவிடும். மிச்ச நேரத்திலும் முதல் சில நிமிடங்கள், வழிகாட்டி நட்சத்திரங்களைப் பிடித்து ஆடாமல் நிற்பதிலேயே போய்விடும். பிரேசிலுக்கும் தென் அட்லாண்டிக் கடலுக்கும் மேலே பூமியின் காந்தப்புலம் வலுக் குறைந்த இடம் ஒன்று உண்டு. அங்கே மின்துகள்கள் அடிப்பதால், அதைக் கடக்கும் வரை ஆய்வு வேலையை நிறுத்திவைக்க வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் திரும்பவே கூடாது. ஒரு திசையிலிருந்து 90 பாகை திரும்பக் கால் மணி நேரம் ஆகும். 2024 ஜூனிலிருந்து, திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோக்களில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்து ஓட்டுகிறார்கள். அதனால் செவ்வாயைவிட நெருங்கி வந்து நகரும் எதையும் இப்போது அதனால் தொடர்ந்து பின்பற்ற முடியாது.

அடுத்து எதைப் பார்ப்பது என்று அது தானாக முடிவு செய்வதில்லை. உலகெங்கும் உள்ள வானியலாளர்கள் வருடா வருடம் விண்ணப்பம் போடுகிறார்கள். இருக்கும் நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் கேட்கிறார்கள், பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். 2018லிருந்து விண்ணப்பித்தவர் யார், எந்த ஊர், எந்தப் பல்கலைக்கழகம் என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. (நம் சிறுகதைப் போட்டிகளிலும் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால் நிரந்தர வெற்றியாளர்கள் சிலர் என்ன ஆவார்களோ!) தேர்வானவற்றை வைத்து, பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் வாரத்துக்கு ஒரு அட்டவணை போடுகிறது. கட்டளைகள் மேலே போகும், வேலை நடக்கும்.

பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அதில் உண்டு. முதல் 35 வருடத்தில் சுமார் 1.7 மில்லியன் அவதானிப்புகள். அத்தனையும் சுமார் 55,000 இலக்குகளில் அடக்கம். வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளி சுருங்கிக்கொண்டே வருவது நமக்குத் தெரிகிறதென்றால், அதை வருடா வருடம் யாரோ அளந்ததால்தான் தெரிகிறது. 2023 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 90 நாள் ஹபிள் அதைக் கவனித்தபோது, அது அகன்றும் ஒடுங்கியும் அசைவது தெரியவந்தது. ஒரே ஒரு அழகான படத்தை வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது. வெறும் இருட்டாகத் தெரிந்த வானத்தை ஹபிள் நாள்கணக்கில் பார்த்து எடுத்த ஆழ்புலப் படத்தைப் பற்றி நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எல்லாரும் எழுதியாயிற்று.

எனக்குப் பிடித்தது வேறு. பூமி மறைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பாதி நேரம் வீணாகப் போவதில்லை. பல சமயம் ஷட்டரை மூடிக்கொண்டு இருட்டைப் படம் எடுக்கிறார்கள். கேமராவின் உணர்கருவியில் ஒளியே விழாதபோதும் சில புள்ளிகள் ஒளி விழுந்ததாகக் கணக்குக் காட்டும். கதிர்வீச்சு பட்டுப் பட்டுக் கெட்டுப்போன புள்ளிகள் அவை. நாளுக்கு நாள் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை கருவியைச் சூடேற்றினால் பல புள்ளிகள் சரியாகிவிடும், எல்லாமும் ஆகாது. அதனால் எந்தப் புள்ளி இந்த வாரம் எவ்வளவு பொய் சொல்கிறது என்று இருட்டுப் படங்களை வைத்துக் கணக்கிட்டு, அதை நட்சத்திரப் படத்திலிருந்து கழிக்கிறார்கள். நீங்கள் திரையில் காட்டிய ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இப்படி ஒரு கட்டு இருட்டு இருக்கிறது. அதை யாரும் நாட்காட்டியில் அச்சடிக்க மாட்டார்கள்.

என் அப்பா தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது எழுத்தர். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதுவது, ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நிற்பது, இவற்றோடு மழை அளக்கும் வேலையும் அவருடையது. ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் மழைமானி இருந்தது. மேலே ஒரு செம்புப் புனல், உள்ளே போத்தல். தினமும் காலையில் போத்தலை எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து ஏட்டில் எழுதுவார். மழை இல்லாத நாளிலும் போவார். காய்ந்த போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்து, தேதிக்கு நேரே சைபர் போடுவார். "வானத்தைப் பாத்தா தெரியாதா, இதுக்கு ஒரு நடையா?" என்பார் அம்மா. "ராத்திரி ஒரு மணிக்கு நீ முழிச்சிருந்தியா?" என்பார் அப்பா.

அந்தச் சைபர்தான் நான் சொல்ல வந்தது. கட்டத்தை வெறுமனே விட்டால், அன்றைக்கு மழை இல்லையா அல்லது அளக்கவே இல்லையா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றில்லை. ஒன்றும் நடக்காத நாளை எழுதி வைத்தால்தான் நடந்த நாளின் அளவுக்கு மதிப்பு. ஹபிளில் இருட்டைப் படம் எடுக்கிறவர்களும் அப்பாவும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரத் துரைக்குக் கணக்குக் காட்டும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தில் மழை என்றால் கூலி. விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. மீறி வெட்டினால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் பரவி வழியும், மங்கில் (மரத்தில் கட்டிய கோப்பையில்) சேர்ந்ததும் மழைத் தண்ணீரோடு போகும். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போதே ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதக் கடைசியில் சம்பளம் ஏன் குறைந்தது என்று சண்டை வரும்போது மழை ஏடு வெளியே வரும். ஒரு முறை தொழிற்சங்கத்துக்காரர் அதை மேசைமேல் விரித்து, தேதி தேதியாக விரலை வைத்துப் பேசியதைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருந்தவரால் மறுத்துப் பேச முடியவில்லை. சைபர் போட்ட நாள்களும் அதில் இருந்ததால்தான், எழுதிய மழை நாள்களை அவர் நம்பியாக வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு முந்தைய கிராணிகள் எழுதியவையும் ஆபீஸ் அலமாரியில் இருந்தன. பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், தோட்டம் கை மாறியது, ஆபீஸைக் காலி செய்தார்கள். ஏடுகளைச் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே குவித்து எரித்தார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, கோபம் அவர்கள்மேல் மட்டும் இல்லை. அன்றைக்கு நம் ஆட்களும் தோட்டத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கோயில் மணியை எடுத்தோம், சூலத்தை எடுத்தோம், திருவிழாக் குடையைக்கூட மடித்து லோரியில் ஏற்றினோம். ஏட்டை ஒருவரும் கேட்கவில்லை. நம் வட்டாரம் வரலாற்றுப் புத்தகத்தில் வருவதே 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக. மூன்று தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்த நாள். அன்று காலை எங்கள் தோட்டத்தில் மழை பெய்ததா என்று யாராவது கேட்டால், பார்த்துச் சொல்ல ஒரு பக்கம் இருந்தது. இப்போது இல்லை.

ஹபிளின் ஏட்டை யாரும் எரிக்கவில்லை. பெகாசஸ் கூட்டத்தில் எச்.ஆர். 8799 என்று ஒரு நட்சத்திரம், சுமார் 130 ஒளியாண்டு தூரம். 1998ல் ஹபிள் அதைப் படம் எடுத்தது. நட்சத்திரத்தின் ஒளியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை, காப்பகத்தில் போட்டு வைத்தார்கள். 2008ல் ஹவாயிலுள்ள பெரிய தொலைநோக்கிகள் அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடித்தன. மறு வருடம் ஒரு குழு அந்தப் பழைய படத்தை வெளியே எடுத்தது. அதே கருவி எடுத்து வைத்திருந்த மற்ற நட்சத்திரங்களின் படங்களைக் கொண்டு ஒளிக்கூச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்தது. கோள்களில் ஒன்று அங்கே இருந்தது. 2011ல் மேலும் இரண்டு வெளிப்பட்டன. பத்து வருடத்துக்கு முன் அவை எங்கே நின்றன என்பதும் தெரிந்ததால் சுற்றுப்பாதையைக் கணக்கிடவும் உதவியது. யோசித்துப் பாருங்கள் அம்மா, எதையும் காட்டாத படம் என்று அதை யாராவது குப்பையில் போட்டிருந்தால்?

அந்தக் காப்பகத்தை யாரும் திறந்து பார்க்கலாம், காசு கிடையாது. 2022ல் சாதாரண மனிதர்கள் 11,000 பேருக்கு மேல் வீட்டிலிருந்தபடி ஹபிளின் பழைய படங்களைப் பார்த்து உதவிய ஓர் ஆய்வு வெளிவந்தது. 1,701 சிறுகோள் தடங்கள் கிடைத்தன. வேறு எதற்கோ எடுத்த படத்தில் குறுக்கே போன கோடுகள். உங்கள் மாணவர்களால் செய்ய முடியாத வேலை இல்லை.

நம் வீடுகளில் நாட்காட்டிக்குக் குறைவே இல்லை. ராகு காலம் பார்க்கிறோம், கரிநாள் பார்க்கிறோம். மழை பெய்ததா என்று அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டதுண்டா? நீங்களும் அடுத்த வாரம் இன்னும் பெரிய திரையில் இன்னும் பளிச்சென்ற படங்களைப் போடத்தான் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பிள்ளைகள் மறுபடியும் வாயைப் பிளப்பார்கள், மணி அடிக்கும், கேண்டீனுக்கு ஓடுவார்கள். போதும் டீச்சர். உங்களுக்கு அக்கறை இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு பையனின் கேள்விக்காக உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

பையனுக்குப் பதில்: 'ஸ்பேஸ் டெலஸ்கோப் லைவ்' என்று ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. ஹபிள் இந்த நேரத்தில் எந்த இலக்கைப் பார்க்கிறது, எதற்காகப் பார்க்கிறது என்று அதில் இருக்கும். தினமும் வகுப்பு தொடங்கும்போது அவனையே பார்த்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள். அது நம் தலைக்கு மேலேயே போகிறது. லண்டன்காரனுக்கு அடிவானத்துக்கு மேல் வராது, நமக்கு வரும். பொழுது சாய்ந்த பிறகோ விடிவதற்கு முன்போ, கண் சிமிட்டாமல் நகரும் ஒரு புள்ளி. ஹபிள் மேலே போன 1990க்குப் பிறகு இருட்டோடு பால் வெட்டக் கிளம்பியவர்களில் எத்தனை பேர் இன்னதென்று தெரியாமலே அதைப் பார்த்திருப்பார்களோ.

தொலைநோக்கி இப்போது வேண்டாம். நல்ல பைனாகுலர் ஒன்று போதும். சங்கத்திடம் கேட்பதாக இருந்தால் ஒரு மழைமானியும் கெட்டி அட்டை போட்ட ஏடும் கேளுங்கள். கூரை ஓரத்திலோ மரத்தடியிலோ வைத்துவிடாதீர்கள், சொட்டுகிற தண்ணீரெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். இடம் பார்க்க வேண்டுமானால் நானே ஒரு நாள் காலையில் வருகிறேன், பக்கத்தில்தானே இருக்கிறேன். அதற்கு முன், நீண்ட விடுமுறையில் யார் அளப்பது என்பதை மட்டும் முடிவு செய்து வையுங்கள். பள்ளிக் காவலர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டு எழுதுங்கள்.