எச்.ஐ.வி தடுப்பூசிக்கு ஆன்டிபாடிதானே வேண்டும், டி செல் எதற்கு?

கிருமியை முடக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரப்பது பி செல்தான்; பி, டி இரண்டும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். எந்த பி செல் பிழைக்கும் என்பதை முடிவு செய்வது டி செல். நிணநீர்க் கணுவின் முளை மையத்தில் (பி செல்கள் பெருகித் தேர்வாகும் இடம்) பி செல், தான் பிடித்த ஆன்டிஜெனை, அதாவது கிருமி அல்லது தடுப்பூசியின் புரதத்தை, துண்டாக்கி, டி செல் பார்க்கும்படி தன் மேற்பரப்பிலுள்ள எம்.எச்.சி-2 மூலக்கூறில் ஏற்றிக் காட்டும். அதிகம் காட்டும் பி செல்லுக்கே, அங்குள்ள உதவி டி செல்லான ஃபாலிகுலர் ஹெல்பர் டி செல் சிடி40எல், ஐஎல்-21 என்ற பிழைப்புச் சமிக்ஞைகளைத் தரும்; கிடைக்காதது மடியும். பல வகை எச்.ஐ.வியை முடக்கும் ஆன்டிபாடிக்கு பி செல்லில் மரபணு மாற்றங்கள் ஏராளம் வேண்டும், ஆகவே மாற்றம், தேர்வு என்ற இந்தச் சுற்று பலமுறை ஓட வேண்டும். உதவி அளவுக்கு மீறினாலும் வம்புதான்: சுமாரான பி செல்லும் தப்பிவிடும்.

ஐஏவிஐ ஜி001 என்ற மனிதச் சோதனையில், எச்.ஐ.வி தடுப்பூசிக்காக வடிவமைத்த ஈஓடி-ஜிடி8 புரதத்தின் 60 பிரதிகளை, தாங்கிப் புரதமான லூமசைன் சிந்தேஸ் துகளில் பதித்தார்கள். தடுப்பூசி பெற்ற 36 பேரில் 35 பேருக்கு விஆர்சி01 வகை (பல வகை எச்.ஐ.வியை முடக்கும் ஓர் ஆன்டிபாடி வகை) முன்னோடி பி செல்கள் தூண்டப்பட்டன. டி செல்கள் தாங்கிப் புரதத்தையும் அடையாளம் கண்டன. பூஸ்டரில் தாங்கியை மாற்றினால் அந்த டி செல்களின் உதவி கிடைக்காது.