சேர் சொல்வது சரி, ஆனால் கேட்க ஆளில்லை

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கமும் வேளாண்மை செய்கிறவர்களின் வட்ஸ்அப் குழு ஒன்றுக்கு நான் அட்மின். முந்நூறு பேர் வரை இருக்கிறோம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் இருக்கிறார். அவர் சொன்னது பிழைத்ததில்லை, ஆனால் வாய் பொல்லாத வாய். அறக்கொட்டியான் (நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சி) பிடித்த வயலின் படத்தைப் போட்டு, யூரியா போட்ட கணக்கையும் எழுதி, ஒரு தம்பி என்ன செய்வதென்று கேட்டார். அதற்கு சேர் எழுதியது இது: "எத்தின தரம் சொன்னாலும் உங்களுக்கு ஏறாது. ஏக்கருக்கு மூணு மூட்டை யூரியாவ அள்ளிக் கொட்டினா அறக்கொட்டியான் வராம வேறென்ன வரும்? வயல வித்துப்போட்டு வேற வேல பாருங்க." தம்பி அன்றிரவே குழுவை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேள்வி கேட்பாரே குறைவு. சேரைப் பேச விடாமல் நிறுத்து என்கிறார்கள் சிலர். பூச்சிமருந்துக்கடை வைத்திருக்கும் இருவர்தான் அதில் முன்னுக்கு நிற்கிறார்கள். சேர் இல்லாவிட்டால் குழு எதற்கு என்று மற்றப் பக்கம் கேட்கிறது. நான் என்ன செய்ய?
— ஓர் அட்மின், வெல்லாவெளி

பதில்: வட்ஸ்அப் குழுவில் ஒருவரை மட்டும் வாயடைக்க வழியில்லை. அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று எல்லாருக்கும் சேர்த்துப் பூட்டலாம், அல்லது ஆளை நீக்கலாம். ஆகவே 'நிறுத்து' என்று உங்களிடம் சொல்கிறவர்கள் உண்மையில் 'வெளியே போடு' என்றுதான் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

அவர் போனால் அந்த இடத்துக்கு யார் வருவார் என்று பாருங்கள். இப்படியான குழுக்களில் மரியாதையாகப் பிழையான ஆலோசனை சொல்கிறவருக்குப் பஞ்சமில்லை. "கவலைப்படாதீங்க தம்பி, அந்த மருந்த ரெண்டு மடங்காக் கலந்து அடிங்க, எனக்கு நல்லாக் கேட்டது" என்று ஒருவர் எழுதுவார், அதன் கீழே இருபது பேர் கும்பிடு போடுவார்கள். அறக்கொட்டியான் அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. பைரித்ரொயிட் வகைப் பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் அதைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும். இலையில் விழும் மருந்து அடித்தண்டுக்கு முழுதாகப் போய்ச் சேர்வதுமில்லை. கொஞ்ச நாளில் தத்தி முன்னிலும் கூடப் பெருகி, வயல் வட்டம் வட்டமாகக் காயும். அந்த இனிய வார்த்தை ஒரு ஏக்கரைத் தின்றுவிடும், சேரின் ஏச்சு ஒரு மனிதரின் இரவைத்தான் கெடுத்தது. எனக்கு இந்த இரண்டில் முதலாவதுதான் பெரிய குற்றம். உங்கள் குழுவில் அதற்கு இதுவரை யாரும் முறைப்பாடு செய்திருக்கமாட்டார்கள்.

அதற்காக சேர் எழுதியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதைப் பிரித்துப் பாருங்கள். மூன்று வசனத்தில் விசயம் ஒன்றில்தான் இருக்கிறது: யூரியா கூடிவிட்டது, அதனால் பூச்சி பெருகிவிட்டது. முதல் வசனமும் கடைசி வசனமும் ஆளைப் பற்றியவை. அதைவிட மோசம், அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு, அதாவது இப்போது என்ன செய்வது என்பதற்கு, ஒரு சொல்லும் அதில் இல்லை. வெட்டொன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர் என்று பெயர், ஆனால் பாதிப் பதிலைத்தான் கொடுத்திருக்கிறார்.

இதையே இப்படி எழுதியிருக்கலாம்: "மூணு மூட்டை கூட. பயிர் கொழுத்தா அறக்கொட்டியான் பெருகும். இனி யூரியா போட வேணாம். வயல்த் தண்ணிய வடிச்சு மூணு நாலு நாள் விடுங்க. பயிர ரெண்டு பக்கமும் விலக்கி அடித்தண்டப் படம் எடுத்துப் போடுங்க. அதப் பாக்காம மருந்து அடிக்க வேணாம்." இதில் ஒரு 'தயவுசெய்து'கூட இல்லை, 'எனக்குத் தெரிந்தவரையில்' என்ற இழுவையும் இல்லை. முன்னையதைவிடக் கறாராகத்தான் இருக்கிறது. வசனங்களில் யூரியா, பயிர், தண்ணீர், மருந்து எல்லாம் வருகின்றன. தம்பியின் குணம் வரவில்லை, அவ்வளவுதான். சேரிடம் நீங்கள் கேட்கவேண்டியது இந்த மாற்றத்தை. 'கொஞ்சம் பணிவாகப் பேசுங்க சேர்' என்று கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார். அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் அப்படிக் கேட்பதும் அவருடைய குணத்தைப் பற்றிய பேச்சுத்தான்.

எப்படிக் கேட்பது? குழுவில் வேண்டாம், எழுத்திலும் வேண்டாம். பின்னேரம் நேரே வீட்டுக்குப் போங்கள், தனியாக. வேறு அட்மின்களையும் கூட்டிக்கொண்டு போனால் அது விசாரணை ஆகிவிடும். அவருடைய பழைய பதில்களில் இரண்டை எடுத்துக்கொண்டு போனால் காணும்: நல்லபடியாக முடிந்தது ஒன்று, தம்பிக்கு எழுதியது மற்றது. பத்தை எடுத்துக்கொண்டு போனால் கணக்குத் தீர்க்கப் போனதாகத்தான் தெரியும். யார் யார் விலகினார்கள் என்று காட்டுங்கள். ஒருவர் தானாக விலகினால் அறிவித்தல் அட்மினுக்கு மட்டும்தான் வரும், குழுவில் தெரியாது. கடந்த 60 நாட்களில் போனவர்களின் பட்டியலைக் குழு விபரத்தின் அடியில் பார்க்கலாம். தன் பதிலுக்குப் பிறகு எத்தனை பேர் சத்தமில்லாமல் போனார்கள் என்பதை சேர் அறிந்திருக்கவே மாட்டார். பயிரில் பாதிப்பைக் கண்டவன் ஏச்சுக்குப் பயந்து மூன்று நாள் பேசாமல் இருந்தால் வயலுக்கு என்ன நடக்கும் என்பதை அவருக்கு நீங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவருக்கு ஏன் சினம் வருகிறது என்பதையும் பாருங்கள். வரம்பில் நின்று எடுத்த மங்கலான படம் ஒன்று, அதன் கீழே "இதுக்கு என்ன மருந்து?" என்ற மூன்று சொல். எத்தனை நாள் பயிர், என்ன நெல், என்ன பசளை, ஏற்கெனவே என்ன அடித்தது என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு எடுக்கவேண்டும். பல போகம் இதைச் செய்தவருக்குப் பொறுமை தேய்வது வியப்பில்லை. இது குழுவின் பிழை. திருத்துவது லேசு. கேள்வி கேட்பவர் எழுதவேண்டியதை ஒரே செய்தியாக எழுதி குழுவின் மேலே குத்தி (Pin செய்து) வையுங்கள்: விதைத்த திகதி, நெல்லினம் (பிஜி 94-1, ஏடி 362 என்று பெயரோடு), வயல் எந்த வட்டையில் (வயல்வெளியில்), தண்ணீர் நிற்கிறதா வடிந்திருக்கிறதா, போட்ட பசளையின் அளவும் நாளும், அடித்த மருந்தின் லேபல் படம், நோய் கண்ட பயிரின் படம் இரண்டு — ஒன்று தூரத்தில், ஒன்று அடித்தண்டு தெரிய. எழுதச் சிரமப்படுகிறவர்கள் இதையே குரல் செய்தியில் சொல்லட்டும். குத்தி வைத்த செய்தி கூடியது 30 நாளைக்குத்தான் நிற்கும், பிறகு திரும்பக் குத்தவேண்டும். பெரும்போகம் தொடங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

பதில் சொல்பவருக்கும் ஒரு நிபந்தனை வேண்டும். மருந்து சொன்னால் பெயர், லேபலில் உள்ள அளவு, எத்தனை லீற்றர் மருந்தடிக்கும் ராங்கிக்கு, பயிர் எத்தனை நாளில் என்பது சேர்ந்து வரவேண்டும். 'ரெண்டு மூடி போடுங்க' என்பது பதிலல்ல. இந்த நிபந்தனை வந்ததும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் பாதிப்பேர் அடங்கிவிடுவார்கள். உங்கள் மருந்துக்கடைக்காரர் இருவருக்கும் இது பொருந்தும். விற்கிறவர் பரிந்துரை செய்யலாம், ஆனால் அது தன் கடைச் சரக்கு என்று அதே செய்தியில் சொல்லவேண்டும். சேரின் வாய் அவர்களை எங்கே சுட்டது என்று பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். 'இந்த வயலுக்கு மருந்தே தேவையில்லை' என்று அவர் எழுதிய இடங்களாக இருந்தால், அந்த முறைப்பாட்டை வேறு தராசில் போடுங்கள்.

இனி, சண்டை மூண்டால். அனுப்பியவர் தன் செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். சேர் எல்லை மீறி எழுதியதைக் கண்டால் உடனே அழையுங்கள்: "சேர், கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க." பெரும்பாலும் எடுப்பார். நேரம் தாண்டிவிட்டால் அட்மின் அழிக்கலாம், ஆனால் அட்மின் அழித்தார் என்ற அடையாளம் அந்த இடத்தில் நிற்கும், அது இன்னொரு சண்டைக்கு விதை. அதோடு அவருடைய நல்ல ஆலோசனையும் சேர்ந்து போய்விடும். ஆகவே முதலில் விசயத்தை மட்டும் உங்கள் பெயரில் திரும்ப எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அழியுங்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு சூடேறினால் அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டி, காலையில் திறந்துவிடுங்கள். ஏன் பூட்டினோம் என்று ஒரு வரி போதும், தீர்ப்பு எழுதவேண்டாம்.

ஒரு விசயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். உங்கள் குழுவில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து இருக்கிறீர்கள். "உங்கட ஆக்கள் எல்லாம் இப்பிடித்தான்" என்ற வகையில் ஊரை, சாதியை, மதத்தை இழுத்து யார் எழுதினாலும் அந்த நிமிடமே அழித்து, ஆளையும் நீக்குங்கள். அது சேராக இருந்தாலும் சரி, உங்கள் மச்சானாக இருந்தாலும் சரி. கடனைப் பற்றி எழுதுவது, ஒருவருடைய வீட்டுப் படத்தைப் போடுவது, மிரட்டுவது எல்லாம் இதே கணக்கு. இதைக் கறாரான பேச்சோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தம்பியை மறந்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். அவரைத் திரும்பக் கூட்டிவருவது சேரின் வேலையல்ல, உங்களுடையது. இன்றைக்கே அழைத்து, வயல் எப்படி என்று முதலில் கேளுங்கள், குழுவைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். சேர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நீங்கள் நடுவே நின்று பேரம் பேசவேண்டாம். வயதில் மூத்தவரை முந்நூறு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தால் அவர் வாய் திறப்பதையே விட்டுவிடுவார். அடுத்த தடவை தம்பி கேட்கும் கேள்விக்கு அவர் ஒழுங்காகப் பதில் சொன்னால் அதுவே காணும்.

சேர் எதற்கும் ஒத்துவராவிட்டால் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. கேள்விகளை நீங்கள் அவருக்குத் தனியாக அனுப்புங்கள், அவர் உங்களுக்குக் குரல் செய்தியாகப் பதில் தரட்டும், நீங்கள் ஏச்சைக் கழித்து விசயத்தைக் குழுவில் போடுங்கள். உங்களுக்கு வேலை கூடும். நட்ட நடுப் போகத்தில் இரவிலும் கேள்வி வரும், நீங்கள் தூங்கிவிட்டால் பதில் தாமதமாகும். அதனால் விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தையும், அவரவர் கமநல சேவை நிலையத்தின் இலக்கத்தையும் குழு விபரத்தில் எழுதிவிடுங்கள்.