கேமன் தீவில் தணிக்கை வேலை: பணி அனுமதிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நான் பட்டயக் கணக்காளர். சென்னையில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக வெளிநாட்டு முதலீட்டு நிதிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பிரிவில் இருக்கிறேன். கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகளில் மாதம் 5,200 டாலர் சம்பளத்தில் வேலை என்று திருச்சியில் உள்ள ஒரு ஏஜென்ட் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறார். பணி அனுமதிக் கட்டணம், காப்புத்தொகை என்று 2,75,000 ரூபாய் கேட்கிறார். முதலில் சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். என் மனைவி எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர், ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பணத்தைக் கட்டலாமா? மனைவிக்கும் அங்கே வேலை கிடைக்குமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், அதற்கான ரசீதையும் வங்கிப் பரிமாற்றச் சான்றையும் இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன். தலைப்பில் ஒரு தணிக்கை நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அடியில் இருக்கும் மின்னஞ்சலோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய முகவரி. சம்பளம் என்ற இடத்தில் வெறும் டாலர் குறி மட்டும் போட்டு 5,200 என்று எழுதியிருக்கிறார்கள். கேமன் தீவுகளுக்கென்று தனி டாலர் உண்டு. ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று மதிப்பை நிலையாக வைத்திருக்கிறார்கள். 5,200 கேமன் டாலர் என்றால் 6,240 அமெரிக்க டாலர். மாதத்துக்கு 1,040 அமெரிக்க டாலர் வித்தியாசம். அந்தத் தீவில் சம்பளப் பட்டியல் போடும் எந்த அலுவலகமும் எந்த டாலர் என்பதை எழுதாமல் விடாது. கடைசிப் பக்கத்தில் பணி அனுமதிக் கட்டணத்தை ஊழியர் செலுத்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஒரு வரிக்காகவே அந்தக் கடிதத்தை நான் நிராகரிப்பேன்.

அங்கே பணி அனுமதி என்பது நீங்கள் விண்ணப்பித்து வாங்கும் ஒன்றல்ல. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் முதலில் அந்த வேலையை உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும். தகுதியுள்ள கேமன் குடிமக்களோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களோ கிடைக்கவில்லை என்பதைக் காட்ட வேண்டும். அதன் பிறகு 2019 முதல் இந்தப் பொறுப்பைப் பார்த்துவரும், வோர்க் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசுத் துறையிடம் உங்கள் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தையும் அந்த நிறுவனமே கட்ட வேண்டும். உங்களைப் போன்ற தொழில்முறைப் பணியாளருக்கு அந்தக் கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் வரை போகும் என்பது உண்மைதான். அதை ஊழியரின் தலையில் கட்டுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அனுமதிக் கட்டணம் என்ற பெயரில் உங்களிடம் யார் பணம் கேட்டாலும், அந்தப் பணம் எந்த அரசுக் கருவூலத்துக்கும் போகப் போவதில்லை. திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை என்று சொல்வதும் இதே கதைதான்.

இந்தத் தரகர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். வேலை தேடுபவரிடமிருந்து அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. உங்களிடம் கேட்டிருப்பது அந்த 30,000 ரூபாயைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். ஆனால் புறப்படும் முன் ஒப்பந்தத்தைப் பார்த்து அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியா போன்றவையும்தான் இருக்கின்றன. கரீபியன் தீவுகள் இல்லை. உங்களைப் போன்ற பட்டதாரிக்கு அந்தப் பட்டியல் நாடுகளுக்குக்கூட அனுமதி தேவையில்லை. விளைவு, உங்கள் ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பு எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். படித்தவர் தன்னைப் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பில் எழுதப்பட்ட விதி இது. படித்தவர்கள் ஏமாந்து என் மேசைக்குக் கொண்டுவரும் கடிதங்களைப் பார்க்கும்போது இந்த நினைப்பின் மீது எனக்குக் கோபமே வருகிறது.

சுற்றுலா விசாவில் போய் இறங்கும் யோசனையை அறவே விட்டுவிடுங்கள். வருகையாளராக வந்தவர் அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் வரும், அடுத்துப் பல நாடுகளின் விசா விண்ணப்பங்களில் அதை ஒப்புக்கொண்டு எழுத வேண்டியிருக்கும். இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. கரீபியன் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், மத்திய அமெரிக்கா வழியாக அமெரிக்க எல்லைக்குத் தள்ளிவிடும் கூட்டங்கள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் பிரான்சின் வாத்ரி விமான நிலையத்தில், நிகரகுவா செல்லவிருந்த ஒரு விமானத்தை 303 பயணிகளுடன் நிறுத்தி வைத்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுமதி கைக்கு வரும் முன் பயணச்சீட்டைப் பற்றிப் பேசுபவர் எவராக இருந்தாலும் அவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து வைக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்னதால் அந்தத் தீவில் வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை கொண்ட அந்தப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில்தான் உலகின் முதலீட்டு நிதிகள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையத்திடம் அந்த நிதிகள் ஆண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் ஆணையம் ஏற்றுக்கொண்ட உள்ளூர்த் தணிக்கை நிறுவனம் ஒன்று கையெழுத்திட வேண்டும். டிசம்பரில் கணக்கு முடிக்கும் நிதிகளே அதிகம் என்பதால் ஜனவரியிலிருந்து ஜூன் 30 வரை அந்த அலுவலகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த வேலைக்கு வேண்டிய ஆட்களை அவ்வளவு சிறிய தீவுக்குள் தேடி எடுக்க முடியாது. ஆகவே அனுபவமுள்ளவர்களை வெளியிலிருந்து எடுத்து, பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வந்து சேரும்படி ஏற்பாடு செய்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு அதே வகை நிதிகளின் கணக்கைத்தான் நீங்கள் ஐந்து ஆண்டுகளாகப் பார்க்கிறீர்கள். நடுவில் தரகர் எதற்கு? அந்த நிறுவனங்களின் கேமன் அலுவலக இணையதளங்களிலேயே நேரடியாக விண்ணப்பியுங்கள்; உங்கள் நிறுவனத்துக்கே அங்கே கிளை இருந்தால் உள்மாற்றம் கேளுங்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் உறுப்பினர் தகுதி அந்தப் பதவிக்குப் போதுமா என்பதை மட்டும் அவர்களிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் மனைவியின் வேலை. உங்கள் அனுமதியில் சார்ந்தவராக வருபவர் அதை வைத்து வேலை செய்ய முடியாது. அவருக்குத் தனியாக ஒரு நிறுவனம் அனுமதி பெற வேண்டும். மருத்துவருக்கு அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜமைக்கா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றில் மருத்துவராகப் பதிவு பெறும் தகுதி உள்ளவரைத்தான் அந்தத் தீவின் பொது விதி ஏற்கிறது. இந்தியா அந்த ஏழில் இல்லை.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை உங்கள் ஏஜென்ட் போன்றவர்கள் பாதியாகச் சொல்லி ஆசை காட்டுவார்கள் என்பதால் முழுவதும் சொல்கிறேன். பெங்களூரைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டியின் மருத்துவக் குழுமம் 2010இல் கேமன் அரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, கிராண்ட் கேமன் தீவின் ஈஸ்ட் எண்ட் பகுதியில் ஹெல்த் சிட்டி என்ற மருத்துவமனையைக் கட்டி, 2014 பிப்ரவரியில் திறந்தது. இந்தியாவில் படித்த நிபுணர்களைக் கொண்டுவந்தால்தான் அந்தத் திட்டம் நடக்கும் என்பதால், அதற்கு இடம் தரும் வகையில் மருத்துவத் தொழில் சட்டத்தையே திருத்தினார்கள். அதனால் இந்தியத் தகுதி மட்டும் உள்ள மருத்துவர் அங்கே பதிவு பெற வழி உண்டாயிற்று. ஆனால் அந்தப் பதிவு மருத்துவமனையைச் சார்ந்தது, மருத்துவரைச் சார்ந்ததல்ல. அதை வைத்துத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் உங்கள் மனைவி தனியாக ஒரு கிளினிக் திறக்க முடியாது, அரசு மருத்துவமனைக்கு மாற முடியாது, அந்த வேலையை விட்டால் பதிவும் பயனற்றுப்போகும். மேலும் அப்படிப்பட்ட மருத்துவமனை தேடுவது மேற்படிப்பும் சிறப்புத் துறை அனுபவமும் உள்ளவர்களையே, எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் மனைவிக்கு நேரான வழி, பிரிட்டனின் பிளாப் தேர்வு போல அந்த ஏழு நாடுகளில் ஒன்றின் தேர்வை எழுதிப் பதிவு பெறுவதுதான். அதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்கள் ஒருவர் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும்.

அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அரிசியிலிருந்து அலமாரி வரை எல்லாமே கப்பலில் வந்து இறங்க வேண்டும். பெரும்பாலான பொருட்களுக்கு 22 சதவீதம் இறக்குமதி வரி உண்டு. ஊருக்குள் இரண்டு படுக்கையறை வீட்டு வாடகையும் மின்கட்டணமும் உங்கள் சம்பளத்தில் பாதியைக் கேட்கும். உங்கள் உடல்நலக் காப்பீட்டுத் தவணையில் பாதியை நிறுவனம் ஏற்க வேண்டும்; மனைவி, மகளுக்கான தவணையை உங்களிடமே பிடிக்கலாம், ஆகவே அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய நிதிக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு 5 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனமும் அதே அளவு போடும்.

வேலை உறுதியான பிறகும் உங்களைச் சோதிப்பது பயணம்தான். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. மயாமி போன்ற அமெரிக்க நகரம் வழியாகப் போனால், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா வேண்டும். ஒரு தீவில் வேலை செய்ய அந்தத் தீவின் அரசு சம்மதித்த பிறகும், மூன்றாவது நாட்டின் தூதரக வரிசையில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்குள் ஆறு மாதத்துக்கு மட்டும் ஏற்கப்படும் காவல்துறைச் சான்று காலாவதியாகி மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் யாரும் ஒருமுறைகூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். ஆகவே நியமனக் கடிதம் வந்த வாரமே, எந்த வழியாக அனுப்புகிறார்கள், அந்த வழிக்கான விசாச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

இன்று செய்ய வேண்டியது இரண்டு. கடிதத்தில் பெயர் உள்ள நிறுவனத்தின் ஜார்ஜ் டவுன் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஏஜென்டிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து, இப்படி ஒரு கடிதம் தங்களிடமிருந்து வந்ததா என்று அழைத்துக் கேளுங்கள். சென்னை நேரத்தைவிட அங்கே பத்தரை மணி நேரம் பின்தங்கி இருப்பதால் மாலை எட்டு மணிக்கு மேல் அழைத்தால் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். அப்படி ஒரு கடிதமே இல்லை என்று அவர்கள் சொன்னால், நகலையும் ஏஜென்ட் பணம் கேட்டு அனுப்பிய செய்திகளையும் அச்செடுத்துக்கொண்டு, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வாருங்கள்.