மூன்றாம் பக்கத்தில் நின்றுபோன புளிக்கதை

கேள்வி: எனக்கு 31 வயது. ஊர் பென்னாகரம் பக்கம். தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இதுவரை இரண்டு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. மூன்றாவது கதை, புளிக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு பெண்ணைப் பற்றியது. கூலி விஷயமாக அவள் வியாபாரியிடம் சண்டைக்குப் போகும் இடத்தில் கதை நின்றுவிட்டது. நான்கு மாதமாகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் முதல் பத்தியைத் திருத்தித் திருத்தியே தூக்கம் வந்துவிடுகிறது. எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா? எழுதிய மூன்று பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.
- பென்னாகரம் வாசகி

பதில்: சரக்கு தீரவில்லை அம்மா. இந்தக் கதைக்கு வேண்டிய சரக்கை நீங்கள் இன்னும் வாங்கவே இல்லை என்பதுதான் என் சந்தேகம்.

மூன்று பக்கங்களையும் இரண்டு முறை படித்தேன். "கதிரவன் மேற்கே சாய்ந்துகொண்டிருந்த அந்த மாலைப் பொழுதில்" என்று தொடங்குகிறீர்கள். அந்த வரியைப் பதினோரு முறை மாற்றியதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறிப்பு வேறு. இன்னும் இருபது முறை மாற்றினாலும் அது தேறாது, அதில் புளி இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெண், "கையெல்லாம் எரியுதுடி, உப்பைக்கூடத் தொட முடியல" என்கிறாளே, அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை நீங்கள் ஜோடித்து எழுதவில்லை. யாரோ சொல்ல, காதில் வாங்கியிருக்கிறீர்கள்.

இப்போது கதை நின்ற இடத்துக்கு வருவோம். அந்தப் பெண் வியாபாரியிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவாள்? கூலி கிலோவுக்கு என்றால், எந்தக் கிலோவுக்கு? கொட்டையோடு வாங்கிப் போன எடைக்கா, எடுத்துக் கொடுத்த சதைக்கா? திருப்பிக் கொடுக்கும்போது புளி, கொட்டை, நார் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுச் சரிபார்ப்பார்களா? புளி காய்ந்து எடை குறைந்தால் யார் தலையில் விடியும்? கொட்டைக்கும் விலை உண்டு, அதை அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போடப் போகிறது. அப்படியானால் கொட்டை யாருக்கு?

இதெல்லாம் தெரியாமல் அவளை வியாபாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அவள் வாயைத் திறந்து என்ன பேசுவாள், பாவம்? அதனால்தான் நீங்கள் திரும்பத் திரும்ப முதல் பத்திக்கு ஓடுகிறீர்கள். அங்கே சூரியன் மட்டும்தான் இருக்கிறது, அது எதிர்க்கேள்வி கேட்காது.

நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு பஸ் கண்டக்டரை வைத்துக் கதை எழுதி, எட்டு மாதம் நகரவில்லை. மனசு சரியில்லை, வீட்டில் சத்தம் என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் டெப்போ எதிரே டீக்கடையில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினேன். ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது காசு குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும் என்றார் அவர். அன்றிரவே என் கண்டக்டர் வெறும் பையோடு வீட்டுக்கு நடந்தார். கதை முடிந்தது. (பிரமாதமான கதை ஒன்றும் இல்லை. ஆனால் முடிந்தது.)

இப்படி எழுத வராமல் நின்றுபோகிற எழுத்துத் தடைக்கு ஆங்கிலத்தில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர் வைத்து அதை வியாதி மாதிரி ஆக்கியவர் எட்மண்ட் பெர்க்லர் என்ற மனப்பகுப்பாய்வாளர். 1940களில் நடந்தது. நிஜமான மனச்சோர்வு இருந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும், அது வேறு. உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்த ஒன்பதரை மணி. நாள் முழுக்கக் கணக்கு எழுதி, பஸ்ஸில் வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் எழுத வரும்? இங்கிலாந்தில் அந்தோணி டிரோலப் என்று ஒருவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். காலை 5.30க்கு மேசை. கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். மொத்தம் 47 நாவல்கள். 1883இல் அவருடைய சுயசரிதை வந்து இந்தக் கணக்கெல்லாம் வெளியே தெரிந்ததும், இது என்ன எழுத்தா, மூட்டை தூக்குகிற வேலையா என்று பலர் முகம் சுளித்தார்கள். சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் அந்த 250ஐ நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முந்தின நாள் எழுதியதைப் படிக்க அவர் அரை மணிதான் ஒதுக்கினார், பிறகு மேலே போய்விட்டார். உங்களுக்குப் பத்து நிமிடம் போதும். விடியலில் அரை மணி கிடைக்காவிட்டால் ஞாயிறு காலை ஒன்றை மட்டும் வீட்டில் சண்டை போட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

சண்டைக் காட்சியை எழுத ஒரு வழி சொல்கிறேன். தர்மபுரி அகழ்வைப்பகத்தில், அதாவது தொல்லியல் அருங்காட்சியகத்தில், சண்டையில் இறந்த வீரர்களுக்காக நட்ட நடுகற்கள் இருக்கின்றன. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பாருங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர்த் தொறுவை யார் பிடித்தார்கள், மீட்கப் போய்ப் பட்டவன் யார், இவ்வளவுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. சாயங்கால வெயில் எப்படி இருந்தது என்று நான் பார்த்த எந்தக் கல்லும் சொல்லவில்லை. உங்கள் காட்சியையும் முதலில் அப்படியே நாலு வரியில் எழுதுங்கள்: எந்த மாசம், யார் மண்டி, எத்தனை கிலோ, யார் தோற்றது. வர்ணனை வேண்டுமானால் பிறகு வரட்டும். வராவிட்டாலும் நஷ்டம் இல்லை.

அதற்கு முன்னால், கை எரிகிறது என்று சொன்ன அந்த அக்காவோ அத்தையோ, அவரிடம் போங்கள். நோட்டும் கையுமாகப் போய் நிற்காதீர்கள். கூட உட்கார்ந்து ஒரு கூடைப் புளிக்குக் கொட்டை எடுத்துக் கொடுங்கள். பேச்சு தானாக வரும். கேட்டதைத் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே குறித்துவிடுங்கள், ராத்திரிக்குள் பாதி மறந்துபோகும்.

கொட்டை யாருக்குப் போகிறது என்பதை மட்டும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.