வாசகர் கேள்வி பதில்: புயலில் மாண்ட மாடுகளுக்கு அமெரிக்காவில் என்ன நிவாரணம்?

கேள்வி: மழை வெள்ளத்தில் கறவை மாடு இறந்தால் நம் அரசு நிவாரணம் வழங்குகிறது. நூற்றுக்கணக்கில் மாடு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணையாளர்களுக்கும் அப்படி உண்டா? எந்தக் கணக்கில் தருகிறார்கள்?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: உண்டு. அந்நாட்டு வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை, கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வழக்கமாக ஆண்டுதோறும் இறக்கும் எண்ணிக்கைக்கு மேல், கடும் வானிலையால் இறந்த கால்நடைகளுக்கு, அவற்றின் சராசரிச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் வழங்கப்படுகிறது. இனம், எடை ஆகியவற்றைப் பொறுத்துத் தொகை மாறும்.

இந்தத் திட்டம் எவ்வளவு அவசியம் என்பதை, அது இல்லாதிருந்த காலம்தான் காட்டியது. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியைப் பனிப்புயல் தாக்கியது. குளிர்காலம் தொடங்காததால் மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. குளிர் தாங்கும் அடர்ந்த உரோமமும் அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழையில் தொப்பலாக நனைந்து, பிறகு கடுங்காற்றோடு வந்த பனியில் சிக்கி, காற்றடித்த திசையிலேயே நடந்து, வேலிகளைத் தாண்டி ஓடைகளிலும் பள்ளங்களிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தன.

அப்போது நிவாரணம் கேட்கப் போக இடமே இல்லை. திட்டத்தின் காலம் 2011 செப்டம்பர் 30 அன்றே முடிந்திருந்தது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் 16 வரை மத்திய அரசு அலுவலகங்களும் மூடிக் கிடந்தன. எதிர்காலத்தில் சட்டம் வரக்கூடும் என்ற நம்பிக்கையில் சான்றுகளைச் சேர்த்து வைக்கும்படி பண்ணையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அதன்படி, பல மைல் தள்ளிக் கிடந்த மாடுகளைச் சூட்டுக் குறியையும் காது வில்லையையும் வைத்து அடையாளம் கண்டு, படம் எடுத்த பின்னரே குழியில் புதைக்க வேண்டியிருந்தது. கன்றாக இருந்தது முதல் வளர்த்த மாட்டின் உடலருகே நின்று படம் எடுப்பது எவ்வளவு கொடுமை என்பதை மாடு வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2014 பிப்ரவரி 7 அன்று கையெழுத்தான வேளாண் சட்டம் இத்திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் முன்தேதியிட்டுச் செல்லும்படி செய்தது. ஏப்ரல் நடுவில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. சான்று வைத்திருந்தவர்களுக்கு அது கைகொடுத்தது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் கடனுக்கு வட்டி கட்டவும் மிஞ்சிய மாடுகளுக்குத் தீவனம் வாங்கவும் அரசுப் பணம் ஒரு டாலர்கூட வரவில்லை. அண்டை மாநிலப் பண்ணையாளர்கள் நன்கொடையாக அனுப்பிய கிடாரிகளே பலருக்கு ஆறுதலாக இருந்தன. பேரிடர் வருவதற்கு முன்பே சட்டமும் தொகையும் தயாராக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: பயிர் அழிந்தால்? காப்பீடு செய்யாதவர்களுக்கும் கிடைக்குமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: அங்கே முதல் பாதுகாப்பு பயிர்க் காப்பீடுதான், பிரிமியத்தில் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. பெரும் சேதம் நேரும்போது நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் கூடுதல் நிதி ஒதுக்குகிறது. 2024 டிசம்பர் 21 அன்று கையெழுத்தான சட்டம் விவசாயிகளுக்குச் சுமார் 3,100 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 1,000 கோடி பொருளாதார உதவிக்கு, எஞ்சியது 2023, 2024 ஆண்டுகளின் பேரிடர் இழப்புகளுக்கு. காப்பீட்டுத் தொகை பெற்றிருந்தவர்களுக்கான விண்ணப்பம் 2025 ஜூலை 10 அன்றுதான் தொடங்கியது. அதாவது, 2023 கோடையில் விளைச்சலை இழந்தவர் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார். அதிலும் கணக்கிட்ட தொகையில் 35 சதவீதமே முதலில் வழங்கப்பட்டது.

காப்பீடு செய்யாதவர்களும் இந்த நிதிக்கு விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. ஆனால் பணம் பெறுபவர் யாராக இருந்தாலும் அடுத்த இரண்டு பயிர் ஆண்டுகளுக்குக் கட்டாயம் காப்பீடு செய்ய வேண்டும். தவறினால் வாங்கிய தொகையை வட்டியுடன் திருப்பித் தர நேரிடும்.