கரியும் டீசலும்: வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: பழைய நீராவி எஞ்சினின் படத்தைக் கண்டாலே ரயில் ஆர்வலர்கள் உருகிப்போகிறார்கள். நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் டீசல் எஞ்சினை அவர்களிற் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. நீராவிக் காலத்தைக் காணாத இளைஞர்களுக்கும் இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது?
– வாசகி, கொட்டகலை

பதில்: பழைய நாட்களின் மீதான ஏக்கம் மட்டுமே காரணம் என்றால், இளைஞர்களிடம் அது இருக்க நியாயமில்லை. நீராவி எஞ்சின் தன் உழைப்பை ஒளிக்காமல் காட்டுகிறது என்பதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். சக்கரங்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டுகள் நம் கண்ணெதிரே ஏறி இறங்குகின்றன. நெருப்பின் வெளிச்சம் சாரதியின் முகத்தில் விழுகிறது. எந்த உறுப்பு எதை அசைக்கிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் பார்த்தே புரிந்துகொள்ள முடிகிறது.

அதன் சத்தத்துக்கும் பொருள் உண்டு. இரண்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனையும் நீராவி இருபுறமிருந்தும் மாறி மாறித் தள்ளுவதால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் புகைபோக்கியிலிருந்து நான்கு வெடிப்பொலிகள் எழுகின்றன. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே மேலே பாயும்போது, அடுப்பினூடாகக் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. எனவே, ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு சிரமப்பட்டு இழுக்கிறதோ, அவ்வளவுக்கு நெருப்பும் மூண்டெரிந்து அதற்குத் தேவையான நீராவியைத் தருகிறது. யாரும் விசையை மாற்றாமலே, சுமைக்கு ஏற்பத் தன் மூச்சைத் தானே பெருக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை அறிந்தவர்கள் அந்த எஞ்சினை உயிருள்ளதாக எண்ணுவதில் எனக்கு வியப்பில்லை.

இலங்கையின் மலையகத்துக்கு ஏறும் நமது ரயில் பாதையில் இது இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கும். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதையில் 45 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நாவலப்பிட்டிக்கு மேலே 44 அடிக்கு ஓர் அடி. வளைவுகள் சிலவற்றின் ஆரை 100 மீற்றர் அளவே. இப்படியே ஏறிக் கடல்மட்டத்திலிருந்து 1898 மீற்றர் உயரத்தில் உள்ள பட்டிப்பொலையை அடைய வேண்டும். பாரமான ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இரண்டாவது எஞ்சின் ஒன்றை இணைத்தார்கள். ஒரே கொதிகலனின் முன்னும் பின்னுமாக இரண்டு தொகுதிச் சக்கரங்கள் வளைவுகளில் தனித்தனியே திரும்பும் ‘கரட்’ வகை எஞ்சின்கள் 1927 இலும் பின்னர் 1945 இலும் தருவிக்கப்பட்டதற்கும் இந்த வளைவுகளும் ஏற்றங்களுமே காரணம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ரயில் பாதை 1867 இல் கண்டியையும், 1874 இல் நாவலப்பிட்டியையும், 1885 இல் நானுஓயாவையும், 1894 இல் பண்டாரவளையையும், 1924 இல் பதுளையையும் எட்டியது. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலைப் பெட்டிகளையும் இறக்கி, தோட்டங்களுக்கான அரிசியை ஏற்றிவந்த அந்தக் காலம் முழுவதிலும் இழுவை நீராவியினுடையதாகவே இருந்தது. தேயிலை மலையகத்தின் உருவாக்கத்திலேயே அதற்குப் பங்குண்டு.

கேள்வி: என் தந்தையார் நீராவி எஞ்சினில் ஃபயர்மனாக இருந்தவர். டீசல் வந்தபோது விடுதலை கிடைத்தது போல் இருந்தது என்று சொல்வார். ஆர்வலர்களின் புகழ்ச்சியைக் கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. இவர்களில் யார் சொல்வது சரி?
– வாசகர், நாவலப்பிட்டி

பதில்: தங்கள் தந்தையார் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். ரயில் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே நெருப்பு மூட்டி, வழியெல்லாம் ஆடும் தளத்தில் நின்றுகொண்டு நிலக்கரியை அள்ளி வீசி, பயணம் முடிந்ததும் சாம்பலை வாரிக் கொட்டியவர்கள் அவர்கள். மலையில் இரவுக் குளிர் முதுகைத் தாக்க, முன்னால் அடுப்பின் அனல் முகத்தைச் சுட்டிருக்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள, அரை கிலோமீற்றருக்கும் நீளமான சிங்கமலைச் சுரங்கத்தினுள், முழு வேகத்தில் உழைக்கும் எஞ்சினின் புகை போக வழியின்றிச் சூழ்ந்துகொள்ளும்போது அங்கே மூச்சுவிட்டவர்களுக்குத்தான் அந்தப் புகையின் அருமை பெருமை தெரியும்.

இத்தனை உழைப்புக்கும் கிடைத்த பலன் குறைவு. எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி எஞ்சினால் இழுவிசையாக மாற்ற முடிவதில்லை. டீசலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பயன்படுத்திக்கொள்கிறது. நிலக்கரியை வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரு நாட்டுக்கு இந்த வேறுபாடு பெரிது. பொது முகாமையாளர் பி. டி. ரம்பலவின் காலத்தில் இலங்கை ரயில்வே டீசலுக்கு மாறியது தேவையான மாற்றமே. கரி அள்ளிய கையை நினைக்காமல் புகையின் அழகை மட்டும் போற்றும் பற்று பாதிப் பற்றுதான் என்பதை ஆர்வலர்களுக்கும் சொல்வேன். ஆனால் தங்கள் தந்தையாரிடம் அமர்ந்து, எந்த வளைவுக்கு முன்னால் எவ்வளவு கரி போட்டார் என்று கேட்டு எழுதிவைக்க அவர்களுள் ஒருவர் வந்தால், தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: நுவரெலியா நகருக்கே ரயில் ஓடியதாமே?
– வாசகர், கந்தப்பளை

பதில்: ஓடியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு, 1948 இல் முற்றாக மூடப்பட்டது. நெடுந்தூர டீசல் எஞ்சின்கள் இங்கு வருமுன்பே அது மறைந்துவிட்டது. அதன் சுமையை வீதிவழி லொறிகள் எடுத்துக்கொண்டன.

கேள்வி: டீசல் எஞ்சினை நேசிப்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இருக்கிறார்கள், அவர்களுள் நானும் ஒருவன். டீசல் எஞ்சினில் வேலை நடப்பது உறைக்குள்ளே. டீசல் இயந்திரம் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அந்த மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை என்பதால் பலருக்கு அது வெறும் பெட்டியாகத் தோன்றுகிறது. காதைப் பழக்கிக்கொண்டால் அதுவும் பேசும். 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை எஞ்சின்களின் பன்னிரண்டு சிலிண்டர் ஈரடிப்பு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரம், நடைமேடையிலிருந்து புறப்படும்போது எழுப்பும் கனத்த ஒலியை ஆர்வலர்கள் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வார்கள். ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கிய அவை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துள்ளன. இந்த ஆயுளுக்காகவே அவற்றுக்கு மரியாதை செலுத்தலாம். 1970களின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து வந்த எம்6 எஞ்சின்கள் நமது மலைப்பாதையில் இன்று நன்கு அறிமுகமானவை.

யாழ் தேவியும் உடரட்ட மெனிக்கேயும் டீசல் காலத்தில் பெயர் பெற்ற ரயில்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 1964 ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின், உறவுகளை நிலையங்களில் அழவிட்டு, இந்தியா செல்லத் தலைமன்னார் நோக்கிச் சென்ற மலையகத்தவரின் பயணங்களும் டீசல் பரவிவிட்ட காலத்தவையே. ஆகவே நம்மவரின் நினைவில் டீசலின் ஊதலுக்கு நீராவியின் ஊதலை விடக் குறைந்த கனம் இல்லை.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். பார்த்து முடித்தபின் அருகிலுள்ள நிலையத்தில் சற்று நேரம் காத்திருந்தால், ரம்புக்கனை ஏற்றத்தை ஏறிவரும் டீசலின் உழைப்பையும் நேரில் கேட்கலாம்.